மேடு ஏறத் திணறிய கரி பஸ்

மேடு வந்தால் வண்டி ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட மதுரையின் பழைய பஸ் வரலாற்றுக்குப் போவோம், வாருங்கள்.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். எல்லாம் பெட்ரோல் வண்டிகள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் ஓடாவிட்டால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் எப்படிப் போவது? அப்போது அவர் தயாரித்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்.

இந்த மாதிரி சாதனங்கள் வேலை செய்யும் விதம் எளிமையானது. வண்டியோடு ஓர் உயரமான உலை. அதில் அடுப்புக்கரி. காற்றைக் குறைவாக விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலுக்குப் பதில் அதுவே எரியும்.

ஆனால் சிக்கல் இங்கேதான். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் சக்தி 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்துவிடும். சமவெளியில் சமாளிக்கலாம். மேட்டில்? வேகம் குறைந்தால் எஞ்சின் சுற்றுவதும் குறையும், உலைக்குள் காற்றை இழுப்பதும் குறையும், நெருப்பு தணியும், வாயு இன்னும் மட்டமாகும். சக்தி அதிகம் வேண்டிய நேரத்தில் சக்தி போய்விடும்!

கரி ஈரமா, வடிகட்டியில் சாம்பல் அடைத்திருக்கிறதா, குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா என்று டிரைவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குழாயில் கசிவு இருந்தால் சக்தி மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷவாயு.

மலையில் இன்னொரு எதிரியும் உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. 60 குதிரைத்திறன் உள்ள பெட்ரோல் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். கரிவாயுவில் 40 சதவீதம் போனால் மிச்சம் 36. மலை உச்சியில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போக, கிடைப்பது 29 தான். பாதிகூட இல்லை! ஏற்றத்தில் பயணிகள் இறங்கி பஸ்ஸைத் தள்ளிய கதைகளைப் பெரியவர்கள் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் கரி பஸ்கள் மறைந்தன. சுந்தரம் ஐயங்கார் 1955-ல் காலமானார், அதே கொடைக்கானலில்.

ஆனால் மெக்கானிக் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. காற்று சரியாக வருகிறதா? ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எரிபொருள் போதுமான அளவு வருகிறதா? ஃபியூயல் ஃபில்டரையும் பம்ப்பையும் பாருங்கள். எஞ்சின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லையா? அப்படியானால் குற்றவாளி எஞ்சின் அல்ல, கிளட்ச்சாக இருக்கலாம். சமவெளியில் ஒளிந்திருக்கும் குறையை மேடு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, கரி அள்ளிப் போட்டு பஸ் ஓட்டிய அந்தத் தொழிலாளர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.