கணிப்பொறியா, ஒழுங்குபொறியா?

கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடுவது என்று பொருள். தமிழிலும் கணிப்பொறி, கணினி என்றுதான் சொல்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு அதன் பெயர் ‘ஒர்தினத்தர்’. ஒழுங்குபடுத்துவது என்று பொருள். 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு நல்ல பெயர் ஒன்று கேட்டது. சொர்போனில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் ழாக் பெரே இந்தச் சொல்லைத் தந்தார். உலகை ஒழுங்கில் வைக்கும் இறைவனைக் குறிக்க லித்ரே அகராதியில் ஏற்கெனவே உள்ள சொல்தான் என்றும் எழுதினார்.

இரண்டில் எந்தப் பெயர் பொருத்தம்? பெரிய திட்டங்களின் கால அட்டவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கதையைப் படித்த பிறகு நான் பெரே பக்கம் சாய்ந்துவிட்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் டுபாண்ட் ரசாயன நிறுவனம் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற முறையை உருவாக்கியது. அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் ‘பெர்ட்’ முறையைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் பிரான்சில் பெர்னார் ருவா தனியாக ஒரு முறை கண்டார். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எது முடிந்த பின் எது தொடங்கலாம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். திட்டம் என்றைக்கு முடியும், எந்த வேலை தாமதித்தால் எல்லாமே தாமதிக்கும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இதில் கணக்கு ஒன்றும் பெரிதல்ல. அஸ்திவாரம் 20 நாள், சுவர் 30 நாள். ஆகவே தளம் போடும் வேலை 50 நாள் கழித்துத் தொடங்கும். வெறும் கூட்டல். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சுவர் என்று முடியும் என்று தெரியாமல் தளத்தின் நாளைக் கணக்கிட முடியாது. பட்டியலில் தளம் முதலிலும் அஸ்திவாரம் கடைசியிலும் இருந்தால், இயந்திரம் திரும்பத் திரும்ப முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். 30,000 வேலைகள் உள்ள பட்டியல் தலைகீழாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு வேலை என்று 30,000 சுற்று. மொத்தம் 90 கோடி முறை படிக்க வேண்டும். முறையான வரிசையில் இருந்தால் ஒரே சுற்று போதும்.

வேலைகளுக்கு ஏறுவரிசையில் எண் கொடுத்துச் சமாளித்தார்கள். பிறகு புதிய வேலை நுழைந்தால் இடம் வேண்டுமே என்று 10, 20, 30 என இடைவெளி விட்டு எண் போடுவதும் உண்டு. ஃபைலுக்கு எண் போட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

1962இல் ஆர்தர் கான் என்பவர் ஒரு சிறு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு வேலையும் எத்தனை வேலைகளுக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணி அதன் பக்கத்தில் குறித்துக்கொள். சுழியம் உள்ளதை முதலில் எடு. அதை முடித்ததும், அதற்காகக் காத்திருந்தவற்றின் எண்ணில் ஒன்றைக் கழி. புதிதாகச் சுழியம் ஆனவற்றை அடுத்து எடு. அவ்வளவுதான். இந்த முறையில் 30,000 வேலைகள் கொண்ட பெர்ட் வலையை ஐ.பி.எம். 7090 இயந்திரம் ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடும் என்றார். அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் 32,768 இடங்கள்தான். ஒரு வேலைக்கு ஓர் இடம் என்றாலே ஏறக்குறைய நிரம்பிவிடும்!

இன்னொரு நன்மையும் உண்டு. கடைசியில் சுழியம் ஆகாமல் சில வேலைகள் மிஞ்சினால், அவற்றுக்குள் எங்கோ ஒரு வட்டம் இருக்கிறது, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிறது என்று பொருள். எழுத்தராக இருந்த காலத்தில் இப்படி ஒரு கோப்பைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவின் கருத்து வரட்டும் என்று நிர்வாகப் பிரிவு எழுதும்; நிர்வாகப் பிரிவின் கருத்து வரட்டும் என்று கணக்குப் பிரிவு எழுதும். இடையில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம். கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது, வேலை நகரவில்லை. யாரும் சோம்பேறியும் அல்ல. இன்னும் இரண்டு எழுத்தர்களைப் போட்டிருந்தால் கோப்பு இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும், வேறொன்றும் நடந்திராது.

இன்று பேரப்பிள்ளைகள் மடிக்கணினியில் வைத்திருக்கும் திட்ட மென்பொருளுக்கு 7090ஐவிடப் பல மடங்கு வேகம். ஆனாலும் பெரிய திட்டம் என்றால் திணறுகிறது. ஒரு தேதியை மாற்றினால் அதைத் தொடரும் வேலைகளையெல்லாம் அது மறுபடி கணக்கிட வேண்டும். அதற்குப் பழைய மருந்துகள்தான் வேலை செய்கின்றன. திட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கு இடையே தேவையான இணைப்பை மட்டும் வையுங்கள். அ முடிந்து ஆ, ஆ முடிந்து இ என்று போட்ட பிறகு, அ முடிந்து இ என்று தனியாக ஒரு கோடு வேண்டாம். நிறைய மாற்றங்கள் செய்யும்போது தானாகக் கணக்கிடும் வசதியை நிறுத்திவிட்டு, எல்லாம் முடித்த பின் ஒரே தடவை கணக்கிடச் சொல்லுங்கள்.

பிரெஞ்சில் வேலைகளை வரிசைப்படுத்தும் கலைக்கு ‘ஒர்தொனான்ஸ்மான்’ என்று பெயர். அரசுக் கணக்கில் பணம் வழங்க ஆணையிடுவதற்கும் அதே சொல்தான். வரிசை சரியானால்தானே காசு கைக்கு வரும்! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, புதியது வேண்டும் என்று கேட்டால், பணத்தை எடுக்கும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.