போடி மலையும் காந்தப் பாடமும்

காந்தப்புலத்தின் குறுக்கே பாயும் மின்னூட்டத் துகள் தன் நேர்வழியை விட்டு வளையும் என்பதை, இடக்கை விரல்களை விரித்துப் பாடசாலை மாணவன் மனனம் செய்வது வழக்கம்; அச்சிறு பாடமே போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிப்புரம் மலையடிவாரத்தில் ஒரு மகத்தான சங்கல்பமாக உருவெடுத்தது என்பது நம் விஞ்ஞான சரித்திரத்தின் அபூர்வமான அத்தியாயம்.

வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவடு 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டறியப்பட்டது. அச்சுரங்கம் மூடப்பட்டபின், அப்பணியைத் தொடரும் பொருட்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறையைக் கூரையாகக் கொண்ட குகைக்குள், நியூட்ரினோ எழுப்பும் மின்னூட்டத் துகள்களின் வளைவைக் காண, 50,000 டன் இரும்பை மின்காந்தமாக்கி நிறுவ விஞ்ஞானிகள் திட்டமிட்டு, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவையின் அனுமதியும் பெற்றனர். மலைக்கும் நீருக்கும் தீங்கு நேருமென்று அஞ்சிய கிராமத்தாரின் எதிர்ப்பும், தொடர்ந்த வழக்குகளும் வேலையைத் தடுத்துவிட்டன. மலையை நம்பி வாழ்வோரின் அச்சத்தை அறியாமையென்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

ஆயினும், இத்திட்டத்திற்கென்றே ஆராய்ச்சி மாணவர்களைப் பயிற்றுவிக்க 2008-இல் தொடங்கிய ஏற்பாடு வீண்போகவில்லை. மதுரையில் அந்த மின்காந்தக் கருவியின் 85 டன் எடையுள்ள சிற்றுருவை அமைத்தனர்: 11 இரும்பு அடுக்குகள், அவற்றின் இடைவெளிகளில் துகள் உணரும் கண்ணாடிக் கருவிகள், சுற்றிலும் செப்புச் சுருள்கள். சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் இரும்பு காந்தமாகிறது. வானிலிருந்து இறங்கும் மியூவான் என்னும் மின்னூட்டத் துகள், நேர்மின்னூட்டமுடையதாயின் ஒரு பக்கமும், எதிர்மின்னூட்டமுடையதாயின் மறுபக்கமும் வளைந்து செல்லும் தடம் கணினித் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.