நானாதேசிகளின் துணி வாணிகம்

கன்னட நாட்டில் மலப்பிரபா ஆற்றங்கரையில் ஐஹொளெ என்னும் ஊர் இருக்கிறது. அதன் பழங்கோயில்களை நம்முட் பலர் அறிவோம். இடைக்காலத் தென்னாட்டின் பெரிய வணிகக் குழுவொன்று தன் பெயரைப் பெற்றதும் அவ்வூரிலிருந்தே ஆகும். கன்னடக் கல்வெட்டுகள் அக்குழுவினரை 'ஐயாவொளெ ஐநூர்வர்' என்றும், தமிழ்க் கல்வெட்டுகள் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்றும் குறிக்கின்றன. பல நாடுகளிலும் சென்று வாணிகம் நடத்தியமையால் 'நானாதேசிகள்' என்ற பெயரும் அவர்களுக்கு வழங்கிற்று.

இவர்களுடைய சரக்குகளுள் துணி சிறப்பிடம் பெற்றது. பாண்டிநாட்டுப் பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்குள்ள கோயிலுக்காக வணிகர்கள் தங்கள் சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமையைக் கூறுகிறது. உப்பு, மிளகு, பாக்கு ஆகியவற்றோடு பருத்தியும் நூலும் புடவையும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. புடவை என்பது அந்நாளில் பொதுவாகத் துணியையே குறித்தது.

தறியிலிருந்து இறங்கிய துணி துறைமுகத்தை அடைவது எளிதாக இருக்கவில்லை. வழியில் கள்வர் அச்சம் உண்டு. ஆதலின் வணிகர்கள் படைவீரரைத் துணைக்கொண்டனர்; அவ்வீரர்களைச் சிறப்பித்துச் சில ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்று பெயரும் சூட்டினர். கடலிலோ வேறோர் இடர் இருந்தது. புயலால் கரையில் ஒதுங்கிய கலத்தின் பொருளைக் கரைக்குரிய மன்னர்கள் பறித்துக்கொள்வர். காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-ஆம் ஆண்டளவில் ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் ஓர் அபயசாசனத்தைப் பொறித்து, முறையான சுங்கமன்றி வேறெதுவும் கொள்வதில்லை என்று உறுதி கூறினார். அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்கு நெய்த மெல்லிய துணியைச் சிலந்தி வலைக்கு ஒப்பிட்டார். அத்தகைய துணிக்கு நெசவாளர் கைத்திறனோடு வேந்தர் வாக்குறுதியும் வேண்டியிருந்தது.

கடல் கடந்தும் இக்குழுவினர் தடம் பதித்தனர். சுமாத்திராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பேர்பெற்ற பாரூசில், 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கலத்தின் தலைவரும் பிறரும் பொன்னாக ஆயம் செலுத்திய பின்னரே அங்கு விரித்த துணிமீது அடிவைக்கலாம் என்பது அதன் கருத்தென அறிஞர் கொள்வர். கன்னட ஊரின் பெயர் தாங்கிய குழு, கடலுக்கு அப்பால் தமிழில் விதி வகுத்தது!

13-ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்து வணிகர் ஒருவர் பர்மாவின் பகானில் இருந்த நானாதேசி விண்ணகருக்கு ஒரு மண்டபமும் கதவும் விளக்கும் அமைத்துத் தந்தார். அக்கொடையைக் கூறும் கல்வெட்டும் தமிழிலேயே உள்ளது.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. குலமும் மொழியும் ஒன்றாயிருந்தமையால் அக்குழு நிலைத்ததில்லை. தாமே விதித்த கட்டுப்பாட்டுக்கு அடங்கியும், சேர்ந்த ஊருக்கு ஒரு பங்கு கொடுத்தும் வாழ்ந்தமையாலேயே நானாதேசிகள் சென்ற இடமெல்லாம் வேர்கொண்டனர். துணிகள் நைந்து மறைந்தன. அக்கொடைகளைக் கூறும் கற்கள் நிற்கின்றன.