மூடிய பொட்டலத்தின் விலை

சாங்கி என்றால் முன்னாளில் நம்மவர் நினைவுக்கு வந்தவை கடற்கரையும் சிறைச்சாலையுமேயாகும். 1981-ம் ஆண்டில் அங்கே விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர் அப்பெயர் உலகமெங்கும் பரவிற்று. பயணஞ் செய்வோர் மட்டுமின்றி, விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளுடன் வேடிக்கை பார்க்கச் செல்வோரும் அங்குப் பலராவர். 2019 ஏப்ரலில் "ஜுவல்" என்னும் கண்ணாடி மாளிகை அவ்விடத்தே திறக்கப்பட்டபோது, "போகிமான்" என்னும் ஜப்பானியக் கற்பனைப் பிராணிகளின் பெயரால் ஒரு கடையும் அதனுள் தோன்றிற்று. அப்பிராணிகளின் படம் பொறித்த விளையாட்டுச் சீட்டுகளை வேண்டிப் பிள்ளைகள் கையைப் பிடித்திழுக்க, "ஒரு பொட்டலந்தானே, போகட்டும்" என்று பெற்றோர் வாங்கிக் கொடுப்பது இயல்பே. ஆயினும் அந்த ஒரு பொட்டலத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வியாபாரச் சரித்திரம் இருக்கிறது. அதனை அறிந்து வாங்குவது நலம்.

அச்சரித்திரம் புகையிலைக் கடையில் தொடங்குகிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பெனிகள், காகித உறை நசுங்காதிருக்க அதனுள் ஒரு தடித்த அட்டையை வைத்தன. வெறும் அட்டை வீணென்று அதில் நடிகையர், ஆட்டக்காரர், பறவைகள் முதலிய படங்களை அச்சிட்டு, வரிசை வரிசையாக வெளியிட்டன. வரிசையாக்கியதே தந்திரம். வரிசையில் ஐம்பது படங்கள் உண்டென்று அறிந்தவனுக்கு, கையிலிருக்கும் நாற்பத்தொன்பதைவிட இல்லாத ஒன்றே பெரிதாகத் தோன்றும். இங்கிலாந்திலும் பரவிய இவ்வழக்கம், 1940-ல் யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டால் அங்கே நின்றது. 1909 முதல் 1911 வரை வெளியான ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் அமெரிக்கப் பந்தாட்ட வீரரின் அட்டை மிகச் சிலவே புழக்கத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. காகிதத்தின் மதிப்பு ஒரு காசும் பெறாது; கிடைத்தற்கரியது என்பதற்கே அவ்வளவு விலை.

தமிழ்நாட்டுச் சிறுவரும் சிகரெட்டு அட்டைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் சேர்த்து, அவற்றையே பணயமாக வைத்து ஆடியதுண்டு. பெரியோர் தெருவில் எறிந்ததைப் பொறுக்கிச் சேர்த்த செல்வம் அது. இன்று தோற்றவன் நாளைக் கடைவாசலில் தேடினால் இழந்ததை மீண்டும் பெறுவான். தகப்பனாரின் கூலியில் ஒரு சல்லியும் குறைந்ததில்லை.

1993-ம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், "மேஜிக்: தி கேதரிங்" என்ற புது விளையாட்டை வகுத்தார். படம் சேர்ப்பதையும் சீட்டாடுவதையும் ஒன்றாக இணைத்தது அவரது புதுமை. முதற்பதிப்பில் அச்சான 26 லட்சம் சீட்டுகளும் விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. 1996-ல் ஜப்பானில் போகிமான் சீட்டுகள் பிறந்தன. விளையாட்டு என்ற வகையில் இவை இழிவானவை அல்ல. யோசனையும் கணக்கும் நினைவாற்றலும் இவற்றுக்கு வேண்டும். கூடி ஆடுவதால் நட்பும் வளரும். ஆனால் பழைய 52 சீட்டுக் கட்டில் ஒரு நீதியுண்டு. ஒருமுறை வாங்கினால் போதும்; செல்வனும் ஏழையும் அதே கட்டிலிருந்துதான் எடுத்து ஆட வேண்டும். புதிய ஆட்டத்திலோ அவரவர் கட்டை அவரவரே விலைக்கு வாங்குகின்றனர். ஆகவே, சாமர்த்தியத்தோடு பணப்பையும் ஆட்டத்தில் வந்து அமர்கிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மேஜிக் ஆட்டத்தின் தொடக்கால விதிகளில், இருவரும் ஆளுக்கொரு சீட்டைப் பணயம் வைக்க, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் முறை இருந்தது. அது பின்னர் வழக்கொழிந்தது. பணயம் போயிற்று, மூடிய பொட்டலம் நின்றது.

அப்பொட்டலத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு வரிசையில் 100 வகைச் சீட்டுகள் என்றும், எல்லாம் சம அளவில் அச்சாகின்றன என்றும், ஒவ்வொன்றாகப் பாராமல் வாங்குகிறோம் என்றும் கொள்வோம். முதல் 50 வகைகளைச் சேர்க்கச் சராசரியாக 69 சீட்டுகள் போதும். நூறையும் சேர்க்கவோ ஏறத்தாழ 519 வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 100 சீட்டு வாங்க நேரும். தொடக்கத்தில் எல்லாம் எளிது. முடிவில்தான் செலவு முழுதும் காத்திருக்கிறது. உண்மையில் அரிய சீட்டுகள் குறைவாகவே அச்சாவதால் கணக்கு இதனினும் கடியது. அன்றியும், போகிமான் போட்டிக்கு 60 சீட்டுக் கட்டு வேண்டும். ஒரே பெயருடைய சீட்டு நான்கு வரை வைக்கலாம் என்பதால், ஒன்று கிடைத்தவனும் இன்னும் மூன்றைத் தேடுகிறான். புதிய வரிசைகள் வர வர, பழைய சீட்டுகள் முக்கியப் போட்டிகளுக்கு ஆகாதவையாகின்றன. செலவு ஒருகாலும் முடிவதில்லை.

சிங்கப்பூர் இப்பாடத்தை முன்பே கற்றதுண்டு. 1820-ல் பார்க்குவார் துரை, சர்க்கார் செலவுக்குப் பணம் வேண்டிச் சூதாட்டக் குத்தகை விட்டார். 1823-ல் ராஃபிள்ஸ் துரை சூதாட்ட விடுதிகளைத் தடுத்தார். அவர் சென்றபின் கிராஃபர்டு துரை மீண்டும் அனுமதித்தார். 1829-ல் அக்குத்தகை ஒழிந்தது. குத்தகைதாரனுக்கு வருமானம் உறுதி. ஆடியவனுக்கோ ஆசை மட்டுமே உறுதி. சீட்டுப் பொட்டலம் வாங்குவோன் ஏதேனும் சீட்டைப் பெறுகிறானாதலால், அதனை முழுச் சூது என்று சொல்வது நியாயமன்று. ஆயினும் பிரிக்கும் கணத்தில் நெஞ்சு துடிக்கும் துடிப்பு ஒன்றேதான்.

ஆகவே பிள்ளைகளின் ஆட்டத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆட்டத்தையும் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினால் போதும். ஆடுவதற்கென்றே கோத்து விற்கும் கட்டு ஒன்றை வாங்கலாம். வேண்டிய சீட்டைக் கண்ணால் பார்த்து, விலை கேட்டுத் தனியே வாங்கலாம். இரட்டையாய் வந்தவற்றை நண்பர்கள் மாற்றிக்கொள்ளலாம். மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி பிள்ளையிடமே சொல்லலாம். அந்நோட்டு நம் உபதேசத்தைவிட நன்றாகப் பேசும்.

கள்ளுக்கடை வாசலில் கூலி கரைந்த கதையைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. அக்கடை முகப்பில் விளக்கில்லை. சாங்கி மாளிகையில் ஆயிரம் விளக்குகள் எரிகின்றன. கூலி கரையும் வழி மட்டும் ஒன்றே.