இந்திய ஊடகப் பெண்கள் வலையமைப்பு

இந்திய ஊடகப் பெண்கள் வலையமைப்பு என்பது அச்சு, ஒலிபரப்பு, இணைய ஊடகங்களில் பணியாற்றும் பெண்களின் தன்னார்வக் கூட்டமைப்பு. 2002 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த தேசியப் பயிலரங்கில் உருவானது.

தோற்றம்: இதன் வேர் பெங்களூரில் இருக்கிறது. அந்நகரைச் சேர்ந்த 'வாய்சஸ்' என்னும் தகவல்தொடர்பு அமைப்பு, பெண் பத்திரிகையாளர்களுக்காகப் பல ஊர்களில் நடத்திய பயிலரங்குகளே இதற்கு அடித்தளம். பெங்களூரில் வாழும் பத்திரிகையாளர் அம்மு ஜோசப் நிறுவனர்களுள் ஒருவர். இவர் கல்பனா சர்மாவுடன் இணைந்து தொகுத்த 'ஹூஸ் நியூஸ்?' (1994) என்ற நூல், பெண்கள் தொடர்பான செய்திகளை இந்திய நாளிதழ்கள் கையாண்ட விதத்தை ஆராய்ந்தது. பெண் பத்திரிகையாளர்கள் சுமார் 200 பேரின் அனுபவங்களைத் திரட்டிய இவரது மற்றொரு நூல் 2000-இல் வெளிவந்தது.

அமைப்பு: இது தொழிற்சங்கம் அன்று. பெங்களூர், மும்பை, சென்னை முதலிய நகரங்களின் உள்ளூர்க் குழுக்கள் தன்னிச்சையாக இயங்குகின்றன. நிறுவனப் பணியாளர்களோடு, அலுவலகப் பாதுகாப்பு ஏதுமற்ற பகுதிநேர, சுதந்திரப் பத்திரிகையாளர்களும் இதில் இடம்பெறுகின்றனர்.

பணிகள்: தொழில்சார்ந்த தகவல் பரிமாற்றம், ஊடக அறம் பற்றிய விவாதம், தாக்குதலுக்கும் மிரட்டலுக்கும் உள்ளாவோருக்கு ஆதரவு ஆகியவை முதன்மையானவை. பெங்களூர் ராஜராஜேஸ்வரி நகரில் 2017 செப்டம்பர் 5 அன்று இதழாசிரியர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டதை இவ்வமைப்பு கண்டித்தது. 2018-இல் பாலியல் துன்புறுத்தல் குறித்த 'மீ டூ' புகார்கள் எழுந்தபோது, ஊடக நிறுவனங்கள் உரிய விசாரணை நடத்த வேண்டும் என வலியுறுத்தியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அமைப்பதை, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது.