கல்லூரிக் கூடைப்பந்தில் வீரர் மேம்பாடு (அமெரிக்கா)

பள்ளி முடித்து வரும் இளம் ஆட்டக்காரரின் எறிதிறன், தடுப்பாட்டம், உடல்வலு, ஆட்ட அறிவு ஆகியவற்றைப் பயிற்றுநர் பல பருவங்களில் வளர்த்தெடுக்கும் பணி. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பருவகாலப் பயிற்சி நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

முன்மாதிரி: வில்லனோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மிகல் பிரிட்ஜஸ் 2014–15 பருவம் முழுவதும் போட்டிகளில் இறங்காமல் பயிற்சி மட்டுமே பெற்றார். ‘ரெட்ஷர்ட்’ எனப்படும் இம்முறையில் நான்கு ஆண்டு ஆடும் தகுதி குறைவதில்லை. பின்னர் 2016, 2018 கல்லூரிச் சாம்பியன் அணிகளில் ஆடிய அவர், தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏவின் 2018 வீரர் தேர்வில் 10ஆவதாக எடுக்கப்பட்டார்.

சவால்கள்: 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021 முதல் ஒருமுறை கல்லூரி மாறினால் ஆடுவதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. 2024இல் அந்த ஒருமுறை வரம்பும் நீங்கியது. 2021 ஜூலையில் வீரர்கள் தம் பெயர், உருவம் வழியே வருமானம் ஈட்டவும், 2025 ஜூலை முதல் கல்லூரிகளிடமே நேரடியாகப் பணம் பெறவும் வழி பிறந்தது. உழைப்புக்கேற்ற ஊதியமும் இடம்பெயரும் உரிமையும் வீரர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியவையே. ஆனால் ஆண்டுதோறும் அணி கலைந்து கூடுவதால், பயிற்றுநர்கள் புதியவர்களை வளர்ப்பதைவிட அனுபவசாலிகளைத் திரட்டவே முனைகின்றனர். 2019இல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைச் சாம்பியனாக்கிய பயிற்றுநர் டோனி பென்னட், இன்றைய சூழலுக்குத் தாம் ஏற்றவர் அல்லர் எனக் கூறி 2024 அக்டோபரில் விலகினார். பொறுமையாகப் பயிற்றினால் மட்டுமே மலரும் வீரர்களுக்கே இம்மாற்றத்தில் இழப்பு அதிகம்.