முறைசாரா ஓவியக் கூடத்தில் ஆசிரியரின் இடம்: வியன்னா சிறார் வகுப்பை முன்வைத்து

பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் இல்லாத ஓவியக் கூடங்களில் ஆசிரியரின் அதிகாரம் கரைந்துவிடுகிறது என்பது கலைக்கல்வி பற்றிய எழுத்தில் பரவலாகக் காணப்படும் நம்பிக்கை. மாணவர் விரும்பி வருகிறார், தோன்றியதை வரைகிறார், ஆசிரியர் துணைக்கு நிற்கிறார் என்பது அதன் சாரம். இதற்கு முன்மாதிரியாகச் சுட்டப்படும் வியன்னா சிறார் ஓவிய வகுப்பை நெருங்கிப் பார்த்தால், அதிகாரம் கட்டளையை விட்டுத் தாளுக்கும் தலைப்புக்கும் பாராட்டுக்கும் இடம் மாறியிருப்பது தெரியவரும்.

பிரான்ஸ் சிசெக் (1865–1946) 1897இல் இவ்வகுப்பைத் தொடங்கினார். ஓவியம் பயில வியன்னாவுக்கு வந்தவர், ஒரு தச்சர் வீட்டில் குடியிருந்தார். அவ்வீட்டுப் பிள்ளைகள் தாமாக வரைந்த படங்களைச் செசெஷன் இயக்கக் கலைஞர்களான நண்பர்களிடம் காட்டினார். அவர்கள் தந்த ஊக்கமே வகுப்பாக வளர்ந்தது. அக்காலப் பள்ளிகளில் சித்திரப் பாடம் என்பது மாதிரியைப் பார்த்துக் கோடு பிசகாமல் நகலெடுப்பதுதான். சிசெக் அதை அறவே ஒதுக்கினார். பின்னாளில் அரசுக் கலைத்தொழில் பள்ளியோடு வகுப்பு இணைந்த பிறகும், தாம் எதையும் கற்பிப்பதில்லை என்றே வருகையாளர்களிடம் சொல்லிவந்தார்.

முதல் உலகப் போருக்குப் பின் அங்கு சென்ற ஆங்கிலேயப் பெண்மணி பிரான்செஸ்கா வில்சன் எழுதிய வகுப்பறைக் குறிப்பு அச்சொல்லோடு ஒத்துப்போகவில்லை. அன்றைய தலைப்பு இலையுதிர்காலம். தலைப்பைத் தந்தவர் ஆசிரியர். உருவம் தாளை மேலிருந்து கீழ்வரை நிரப்ப வேண்டும் என்று சொல்பவரும் அவரே. பிள்ளைகளின் கைக்குக் கிடைத்த கருவிகளும் பாதி முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டன: வண்ணத்தாள் வெட்டுக்கும் மரச்செதுக்கு அச்சுக்கும் நுண்ணிய நிழல் பூச்சு எளிதில் வசப்படாது, தட்டையான நிறமும் தடித்த விளிம்பும்தான் வரும். 1920 முதல் இங்கிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவ்வகுப்புப் படங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதையும், செசெஷன் அலங்காரப் பாணியின் சாயலைக் கொண்டிருப்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதனால் சிசெக்கைப் போலி என்று தள்ளுவது அவசரம். பிள்ளைகள் விரும்பி வந்தார்கள், உழைத்தார்கள். அங்கிருந்த பிணைப்பு உண்மையானது. சிக்கலே அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. மதிப்பெண்ணை எதிர்த்து முறையிடலாம். தனக்குப் பிடித்த ஆசிரியரின் முகமலர்ச்சியை எதிர்த்து எந்தப் பிள்ளையும் முறையிடுவதில்லை. அது மலரும் திசையில் கை தானாகப் போகிறது. விரும்பி வரும் இடத்தில் ஆசிரியரின் ரசனைக்குப் பள்ளியில் இருப்பதைவிட எடை கூடுதல்.

அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் எஃப்லண்ட் 1976இல் எழுதிய கட்டுரை, பள்ளிக்கு வெளியே எங்கும் காணமுடியாத ஒரு 'பள்ளி ஓவியப் பாணி' இருப்பதைச் சுட்டியது. மற்றோர் அமெரிக்க ஆய்வாளரான பிரென்ட் வில்சனோ சிறுவர்கள் நோட்டுப் புத்தகத்தில் தமக்காகவே வரைந்த சாகச வீரர் கதைகளை ஆராய்ந்தார். காமிக்ஸைப் பார்த்துப் பழகிய அந்தக் கை கலைவகுப்பில் மதிக்கப்படவில்லை. பள்ளிக்கும் பிள்ளையின் சொந்த உலகுக்கும் இடையே, இருவர் விருப்பமும் சந்திக்கும் மூன்றாவது களம் ஒன்றை அவர் பிற்காலத்தில் முன்மொழிந்தார். சிசெக்கின் கூடம் அத்தகைய களம் ஆகவில்லை. புத்தகமும் நாடகமும் சினிமாவும் பிள்ளையைக் கெடுக்கின்றன என்று கருதியவர் அவர். அவ்வுலகைக் கதவுக்கு வெளியே நிறுத்திய பிறகு, உள்ளே எஞ்சிய விருப்பம் பெரும்பாலும் ஆசிரியருடையது.

ஆகவே முறைசாராக் கூடமொன்றை மதிப்பிடுபவர் அங்கே மதிப்பெண் உண்டா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஆசிரியருக்குப் பிடிக்காத படத்தைப் பிள்ளை சுவரில் மாட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.